குளிர் மாதங்களில் குறைந்த செலவில் குடும்பத்துக்கு வயிறு நிறையும் சூடான உணவு: எவற்றைச் சமைக்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம்: நான், என் கணவர், ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், பற்கள் பெரும்பாலும் விழுந்துவிட்ட என் மாமியார். குளிர் மாதங்கள் தொடங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் பசி கூடிவிடுகிறது. ஆனால் மளிகைக்காக நான் ஒதுக்கி வைக்கும் தொகை கூடுவதில்லை. போதாததற்கு, குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது முதல் எல்லாவற்றுக்கும் எரிபொருள் செலவு ஏறுவதும் இந்த மாதங்களில்தான். வேலை முடிந்து நான் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் நாள்தோறும் ஏதாவது ஒரு காய்கறி சூப் வைத்துச் சமாளித்தேன். குடிக்கும்போது இதமாக இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் மறுபடியும் பசி என்று வந்து நின்றார்கள். கையில் அகப்பட்ட பிஸ்கட்டையும் ரொட்டியையும் எடுத்துக் கொடுத்ததில், சூப்பில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விட்டது. இந்த ஆண்டும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். உடம்புக்குச் சூடு தருவதாகவும், வயிறு நிறைவதாகவும், பல் இல்லாதவருக்கும் சிறு பிள்ளைக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறக் கூடியதாகவும் எவற்றைச் சமைக்கலாம்? இறைச்சி சாப்பிடுவோம், ஆனால் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வாங்க இயலாது. ஒரே சுவையைத் தொடர்ந்து கொடுத்தால் பெரியவன் தட்டைத் தள்ளிவிடுகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் மறுமொழி

வணக்கம் சகோதரி. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், உங்கள் சூப்பில் தண்ணீரும் காய்கறியும் இருந்தன, பருப்பு இல்லை என்று தோன்றுகிறது. தண்ணீர் போன்ற சூப் வயிற்றைச் சற்று நேரம் நிரப்பும், பிறகு இறங்கிவிடும். பிள்ளைகள் பசி என்று வந்தது அவர்களுடைய குற்றமும் அன்று, உங்கள் கைப்பக்குவத்தின் குற்றமும் அன்று. முப்பது ஆண்டுகளாகப் பெரிய குடும்பத்துக்குச் சமைத்து வருபவள் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, குளிர்காலச் சமையலுக்கு உலர்ந்த பருப்பும் பயறும்தான் அடித்தளம் என்பதே.

உடம்புக்குச் சூடு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, செரிமானத்தின்போது உண்டாகும் வெப்பம். நாம் உண்ணும் புரதத்தின் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை அதைச் செரித்துப் பயன்படுத்தும் வேலையிலேயே வெப்பமாக வெளிப்படுகிறது. மாவுச்சத்தில் இது 5 முதல் 10 விழுக்காடு, கொழுப்பில் 3 விழுக்காட்டுக்குள். உலர்ந்த பயறு வகைகளில் எடையில் 20 முதல் 25 விழுக்காடு புரதம். அதோடு நார்ச்சத்தும் இருப்பதால் பசி மெதுவாகவே திரும்புகிறது. இவ்வளவையும் இறைச்சியைவிட மிகக் குறைந்த செலவில் தருவதும், மாதக்கணக்கில் கெடாமல் டப்பாவில் இருப்பதும் பயறுதான்.

நீங்கள் வேலையிலிருந்து திரும்பும் நாட்களுக்கு மைசூர்ப் பருப்பு மிகவும் பொருத்தம். தோல் நீக்கி உடைத்த அந்தச் சிவப்புப் பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை. இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். ஐந்து பேருக்கு 250 கிராம் பருப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு பெரிய வெங்காயம், மூன்று கேரட், இரண்டு உருளைக்கிழங்கு, நான்கைந்து பல் பூண்டு இருந்தால் போதும். வெங்காயத்தை மட்டும் அவசரப்படாமல் எண்ணெயில் நன்றாகப் பொன்னிறமாக வதக்குங்கள். செலவில்லாமல் ஆழமான சுவை கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிட வதக்கலில்தான் என்பதால், நேரத்தை வேறு எங்காவது மிச்சப்படுத்துங்கள், இங்கே வேண்டாம். பிறகு பூண்டு, சிறிதாக நறுக்கிய காய்கள், பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து, கரண்டியால் எடுத்தால் ஒட்டி வழியும் அளவுக்குக் கெட்டியாக வேகவிடுங்கள். கேரட்டில் உள்ள சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால் எண்ணெயை முற்றிலும் குறைத்துவிடாதீர்கள். கெட்டியாக இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. தண்ணீரான சூப்பைவிடக் கெட்டியானது கிண்ணத்தில் நெடுநேரம் ஆறாமல் இருக்கும்.

விடுமுறை நாளில் அரை கிலோ கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து மறுநாள் மொத்தமாக வேகவைத்துவிடுங்கள். அது வெந்த பிறகு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதை மூன்றாகப் பிரித்து, வேகவைத்த நீரோடு மூடிப் பாதுகாத்தால் வாரத்தில் மூன்று இரவுகளுக்கு வழி பிறந்துவிடும். உங்கள் மகன் ஒரே சுவையைத் தள்ளுகிறான் என்றீர்கள். ஒரு நாள் கடலையை உருளைக்கிழங்கோடும் தக்காளியோடும் கொதிக்கவிடலாம். இன்னொரு நாள் பாதியை மசித்துக் கெட்டியாக்கி அதில் முட்டைக்கோசை மெல்லிதாக அரிந்து போடலாம். மூன்றாம் நாள் நீர் வற்ற வெங்காயத்தோடு மொறுமொறுப்பாக வறுக்கலாம். சுவை மட்டும் மாறினால் குழந்தைகளுக்குப் போதுவதில்லை, பதமும் மாற வேண்டும். நீரானது, மசித்தது, வறுத்தது என்று வாய்க்கு வெவ்வேறாக இருந்தால், அடியில் இருப்பது ஒரே கடலைதான் என்பதை அவர்கள் கவனிப்பதே இல்லை.

வாரத்தில் ஒரு நாள் வாங்கும் இறைச்சியைப் பற்றி: மென்மையான துண்டுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கால், கழுத்து, தோள் போன்ற கடினமான பகுதிகள் விலை குறைந்தவை; அவற்றில் உள்ள இணைப்புத் திசு இரண்டு மூன்று மணி நேரம் மெல்லிய கொதிப்பில் ஜெலட்டினாகக் கரைந்து குழம்பையே தடிப்பாக்கும். 400 கிராம் இறைச்சியோடு ஒரு கை பார்லியும் கிழங்குகளும் சேர்த்தால் ஐந்து பேருக்கும் தாராளமாக வரும். இறைச்சி அங்கே சுவைக்காகத்தான்; வயிற்றை நிரப்புவது பார்லி.

மாமியாருக்கு அதே பாத்திரத்திலிருந்து எடுத்து நன்றாக மசித்துக் கொடுங்கள். பல் இல்லை என்பதற்காக வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். வயது ஏறினால் புரதத்தின் தேவை குறைவதில்லை. சிறுநீரகக் கோளாறு போன்ற காரணத்தால் மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதைப் பின்பற்றுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் கொண்டைக்கடலையை முழுதாகத் தராமல் நசுக்கிக் கொடுப்பது நல்லது, தொண்டையில் அடைத்துக்கொள்ள இடம் தரக் கூடாது.

இரண்டாம் மறுமொழி

முந்தைய மறுமொழியை எழுதிய அம்மாவின் கருத்துகளை முழுமையாக ஏற்கிறேன். எரிபொருள் செலவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பயறை மலிவாக வாங்கி மூன்று மணி நேரம் அடுப்பை எரித்தால் மிச்சம் எங்கும் இராது.

ஒரு கிராம் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 335 ஜூல் வெப்பம் போதும். அதே ஒரு கிராம் ஆவியாக வெளியேறும்போது 2,260 ஜூலைக் கொண்டுபோகிறது, அதாவது சூடாக்கச் செலவானதைப் போல ஆறு மடங்குக்கு மேல். மூடி இல்லாத பாத்திரத்தில் சமைத்தால் நாம் காசு கொடுத்து வாங்கிய வெப்பம் ஆவியாகிச் சமையலறைச் சன்னல் வழியே போய்விடுகிறது. மேலும், கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. ஆகவே கொதி வந்ததும் தீயை மிகச் சிறிதாக்கி மூடி வைப்பதால் சமையல் தாமதமாவதில்லை. பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 டிகிரி வரை உயர்கிறது. அதனால்தான் வெளியே ஒன்றரை மணி நேரம் கேட்கும் கொண்டைக்கடலை அதில் ஊறிய பின் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடுகிறது. விசில் வந்த பிறகும் பெரிய தீயை விட்டுவைப்பது வீண்.

குக்கர் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கனமான பாத்திரத்தில் முழுமையாகக் கொதிக்கவைத்து, மூடியோடு அப்படியே இறக்கி, தடித்த கம்பளிகளால் அடியிலும் பக்கத்திலும் மேலேயும் இடைவெளி இல்லாமல் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டால், உள்ளே உள்ள சூட்டிலேயே உணவு மெதுவாக வேகும். இரண்டு உலகப் போர்களின் காலத்திலும் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வீடுகளில் வைக்கோல் திணித்த பெட்டிகளை இதே முறையில் பயன்படுத்தினார்கள். பாத்திரம் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால்தான் சூடு நிற்கும். நான் பார்லியையும் கிழங்குகளையும், ராஜ்மாவையும்கூட, காலையில் ஒரு கொதி விட்டு இப்படி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் மறுபடியும் ஒரு கொதி விட்டுப் பரிமாறுகிறோம்.

மூன்றாம் மறுமொழி

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. வெப்பத்தைப் பற்றி அவர் சொன்ன கணக்கு சரியானது. ஆயினும் ராஜ்மாவை ஒரே ஒரு கொதி விட்டுப் போர்த்தி வைப்பதாகச் சொல்லியிருப்பதை யாரும் அப்படியே பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன். உணவுப் பாதுகாப்பு குறித்துப் பயிற்சி அளிப்பது என் தொழில். இந்த ஒரு பயறால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து அவதிப்பட்டவர்களை நேரில் அறிவேன்.

ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு வகையில், பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் அதிகம் உண்டு. சரியாக வேகாத நாலைந்து விதைகளே ஒருவரை நோயாளியாக்கப் போதும். இந்த நச்சு முழுக் கொதிப்பில்தான் அழியும். 80 டிகிரி அளவில் மெதுவாகச் சூடாக்கினால் அழியாதது மட்டுமன்றி, பச்சை விதையில் இருப்பதைவிடப் பல மடங்கு வீரியம் பெறக்கூடும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரங்களிலும் போர்த்தி வைக்கும் பெட்டியிலும் நடப்பது அதுதான். எனவே குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் குறைந்தது பத்து நிமிடம் வைக்க வேண்டும். நான் முப்பது நிமிடம் வைக்குமாறே எல்லோருக்கும் சொல்கிறேன். அதன் பிறகு பெட்டியில் வைப்பதில் தவறில்லை. குக்கரில் நன்றாக வேகவைப்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். மைசூர்ப் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் இவ்வளவு எச்சரிக்கை தேவையில்லை.

போர்த்தி வைக்கும் பாத்திரத்தின் உள்சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. ஒரு வெப்பமானி வாங்கி இரண்டு மூன்று முறை அளந்து பார்த்துவிட்டால், உங்கள் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தெரிந்துவிடும். இறைச்சி சேர்த்த உணவை அப்படி அளந்து பார்க்காமல் பெட்டியில் விட்டுச் செல்லாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஒரு வாரமாக நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். மைசூர்ப் பருப்பை முதல் நாளிலேயே எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள்; இரவு பத்து மணி வரை ஒருவரும் பசி என்று சொல்லவில்லை. மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல இயலவில்லை.

கொண்டைக்கடலையில்தான் தோற்றேன். இரவு முழுவதும் ஊறவைத்து, தக்காளி, வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இரண்டு மணி நேரம் மூடி வேகவைத்தும் கடலை கல்லாகவே இருந்தது. எங்கே தவறினேன்? இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. குளிருக்கு மிளகும் மிளகாயும் கூடுதலாகச் சேர்த்தால்தான் உடம்பு சூடாகும் என்று மாமியார் சொல்கிறார். பிள்ளைகளோ காரம் தாங்க மாட்டார்கள். இரவில் மிஞ்சும் உணவை, குளிர்தானே என்று அடுப்பின் மேலேயே மூடி வைத்துக் காலையில் சூடாக்கிக் கொடுக்கலாமா?

நான்காம் மறுமொழி

கடலை வேகாததற்குத் தக்காளிதான் காரணம் சகோதரி. பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் அது மெதுவாகும்; புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்கிறது. தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் கடலை விரலால் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகே சேருங்கள். உப்பின் மேல் பழி இல்லை. ஊறவைக்கும் நீரிலேயே சிறிது உப்புப் போட்டால் தோல் இன்னும் மென்மையாகும். உங்கள் குழாய்த் தண்ணீர் உப்புப் படியும் கடின நீராக இருந்தால், அதில் உள்ள கால்சியமும் பயறை இறுக்கும். அப்படியானால் ஊறும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். கூடுதலாகப் போட்டால் சுவையும் கெடும், தயமின் என்ற பி1 வைட்டமினும் அழியும். மிகப் பழைய கடலை எதைச் செய்தாலும் முழுமையாக வேகாது, ஆகையால் விற்பனை அதிகமுள்ள கடையில் சிறிது சிறிதாக வாங்குங்கள்.

காரத்தைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது உணர்வின் உண்மை. மிளகாயில் உள்ள கேப்சைசினும் மிளகில் உள்ள பைப்பரினும், சுடுபொருள் பட்டால் தூண்டப்படும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுகின்றன. டேவிட் ஜூலியஸ் 1997 இல் அடையாளம் கண்ட ஏற்பி இது. தொடுதலுக்கான ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனோடு அவர் 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளை அதைச் சூடு என்று எடுத்துக்கொள்வதால் முகம் சிவந்து வியர்க்கிறது; வியர்வையோ உடம்பின் வெப்பத்தைக் குறைக்கும் வேலையைச் செய்வது. ஆகவே குளிரைத் தாங்க உணவின் அளவும் புரதமும் உதவுமே தவிர, காரத்தை நம்ப வேண்டியதில்லை. பாத்திரத்தில் காரமே போடாமல் சமைத்து, மிளகையும் பூண்டையும் எண்ணெயில் பொரித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். பெரியவர்கள் தங்கள் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும். மாமியாரின் விருப்பமும் நிறைவேறும், பிள்ளைகளும் அழமாட்டார்கள்.

இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு சில துளி பிழியுங்கள். பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி துணை செய்கிறது. கொதிக்கும்போது சேர்த்தால் அதில் ஒரு பகுதி வீணாகும். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பது இரும்புச்சத்தைத் தடுக்கும் என்பதால் ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடிக்கட்டும்.

மூன்றாம் மறுமொழியை எழுதியவர், மீண்டும்

மிஞ்சிய உணவு பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும், ஆள் நடமாடும் சமையலறை 5 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை; பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி விடியும் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். எனவே அடுப்பின் மேல் வைக்காதீர்கள். காலையில் கொதிக்கவைத்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்குவதால் அழிவதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சியதை உயரம் குறைந்த அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் சிறிது நேரம் வைத்து ஆறவிட்டு, சமைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பருப்பும் கடலையும் அங்கே மூன்று நாள் நன்றாக இருக்கும். உறைநிலைப் பெட்டி இருந்தால் ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து மாதக்கணக்கில் வைக்கலாம். சோற்றை மட்டும் மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். எடுத்துச் சூடாக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியும் ஆவி பறக்கும்படி கிளறிச் சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடியும் உள்ளே வைக்க வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி

நன்றி ஐயா. இன்று கடலையை முதலில் தனியாக வேகவைத்து, மெதுவான பிறகு தக்காளி சேர்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வெண்ணெய்போல் வெந்துவிட்டது. மிளகும் பூண்டும் பொரித்த கிண்ணத்தை மாமியாருக்கு அருகில் வைத்தேன். மிஞ்சியதை இரண்டு தட்டையான பாத்திரங்களில் ஆறவைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். நாளை மறுநாள் அதில் பாதியை மசித்து முட்டைக்கோஸ் சேர்த்துச் செய்யப் போகிறேன்.